பழைய சோறு ஏன் மயக்குவதில்லை?

திருவண்ணாமலையில் பௌர்ணமிக் கிரிவலம் வருகிறவர்களில் பலருக்கு அடி அண்ணாமலையை எட்டும்போது பொழுது விடிந்துவிடும். 14 கிலோமீட்டர் பாதையில், மலையின் மேற்குப் புறத்தில் இருக்கிறது அந்த ஊர். இரவெல்லாம் கால் கடுக்க நடந்தவர்கள் ஆதி அருணாசலேசுவரரைக் கும்பிட்டுவிட்டு வெளியே வந்ததும் தேடுவது ஒரு சொம்புக் கூழைத்தான். முந்தின நாளே கரைத்துப் புளிக்கவிட்ட கேழ்வரகு மாவை, நொய் வெந்துகொண்டிருக்கும் பானையில் ஊற்றிக் கிளறி, ஆறவைத்து, மோர் விட்டுக் கரைத்த கூழ். கடித்துக்கொள்ளச் சின்ன வெங்காயமும் மோர் மிளகாயும்.

அதே நேரத்தில் ஊருக்குள் வீடுகளில் இன்னொரு பானை திறக்கும். இரவு மிஞ்சிய சோற்றில் தண்ணீர் ஊற்றி மூடிவைத்த பானை. மூடியை எடுத்ததும் மெல்லிய புளிப்பு வாசனை வரும். நீர் லேசாகக் கலங்கியிருக்கும். நீராகாரத்தைக் குடித்துவிட்டுச் சோற்றைப் பிழிந்து சாப்பிட்டால் வயிறு குளிரும். வயலுக்குப் போகலாம், செங்கல் சுமக்கலாம். தலை சுற்றாது.

சீனாவின் செஜியாங் மாகாணத்தில் ஷாவோஷிங் என்று ஓர் ஊர். அங்கேயும் வெந்த சோறு, தண்ணீர், மூடிய மண்பாண்டம்தான். ஆனால் சில மாதம் கழித்துத் திறந்தால் உள்ளே இருப்பது நூற்றுக்குப் பதினைந்து பங்குக்கு மேல் சாராயச் சத்துள்ள மது. பொன்னும் செம்பும் கலந்த நிறம். சீனச் சமையலறையில் அதில் ஒரு கரண்டி இல்லாமல் இறைச்சி வேகாது என்றே சொல்லலாம்.

ஒரே அரிசி, ஒரே தண்ணீர். ஒரு பானை காலைச் சாப்பாடாகிறது, இன்னொன்று மதுவாகிறது. வேறுபாடு எங்கே நுழைந்தது?

பூட்டிக் கிடக்கும் இனிப்பு

பனைமரத்திலிருந்து தொடங்கலாம். பாளையைச் சீவிக் கலயம் கட்டினால் சொட்டுவது இனிப்பு நீர். அதில் சர்க்கரை ஏற்கெனவே கரைந்திருக்கிறது. காற்றிலும் பாளையிலும் பழைய கலயத்திலும் ஒட்டியிருக்கும் ஈஸ்ட் என்னும் நுண்ணுயிர், அந்தச் சர்க்கரையைத் தின்று சாராயத்தையும் கரியமில வாயுவையும் வெளிவிடுகிறது. விடியலில் இறக்கியது வெயில் ஏறுவதற்குள் நுரைத்துக் கள்ளாகிவிடும். அதைத் தடுக்கத்தான் கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவுகிறார்கள். சுண்ணாம்பின் காரத்தில் ஈஸ்ட் தலையெடுக்க முடியாது. கிடைப்பது பதநீர். பனையேறிக்குத் தலைமுறை தலைமுறையாகத் தெரிந்த நுண்ணுயிரியல் இது.

அரிசியில் இந்த வேலை நடக்காது. அரிசியின் பெரும்பகுதி மாவுச்சத்து. மாவுச்சத்து என்பது சர்க்கரை மணிகளை நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் கோத்த மாலை. ஈஸ்டால் ஒரு மணியை விழுங்க முடியும், இரண்டு மணி சேர்ந்திருந்தாலும் சமாளிக்கும்; முழு மாலையைத் தொட முடியாது. சோற்றுப் பானைக்குள் விழுந்த ஈஸ்ட், பூட்டிய நெற்குதிரின் மேல் உட்கார்ந்த குருவி மாதிரி. உள்ளே மலையாய்க் குவிந்திருந்தாலும் கொத்த ஒரு மணி கிடைக்காது.

மாலையை அறுக்க ஒரு கத்தரி வேண்டும். அந்தக் கத்தரிக்கு ‘நொதி’ என்று பெயர்: உயிர்கள் உண்டாக்கும், ஒரு குறிப்பிட்ட வேலையை மட்டும் செய்து முடிக்கும் புரதம். வெறும் சோற்றை, குழம்பு ஊற்றாமல், ஒரு வாய் எடுத்துப் போட்டு விழுங்காமல் இரண்டு மூன்று நிமிடம் மென்றுகொண்டே இருந்தால் நாக்கில் இனிப்பு தட்டும். யாரும் இன்றைக்கே செய்து பார்க்கலாம். எச்சிலில் இருக்கும் நொதி மாலையை நறுக்கத் தொடங்கிவிட்டதன் அடையாளம் அது.

மூன்று வழிகள்

தானியத்தை மதுவாக்கிய மனிதர்கள் எல்லோரும் இந்தக் கத்தரியை எங்கிருந்தாவது கொண்டுவந்தாக வேண்டியிருந்தது. மூன்று இடங்களில் கண்டுபிடித்தார்கள்.

முதல் வழி வாய்தான். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைமக்கள் மக்காச்சோள மாவை மென்று துப்பி ‘சிச்சா’ காய்ச்சினார்கள். ஜப்பானிலும் சோற்றை மென்று மது செய்த பழக்கம் இருந்தது.

இரண்டாவது வழி முளை. முளைக்கும் விதை தன் குருத்துக்கு உணவூட்டத் தன் மாவுச்சத்தைத் தானே வெட்டிச் சர்க்கரையாக்கிக்கொள்கிறது. அதற்கான நொதியை அது அந்நேரத்தில்தான் நிறையச் சுரக்கும். பார்லியை முளைகட்டிச் செய்யும் பியர் இந்த வழி. நம் வீட்டிலும் இது நடக்கிறது. கெட்டியான கஞ்சி இளஞ்சூட்டில் இருக்கும்போது ஒரு கரண்டி முளைகட்டிய கேழ்வரகு மாவைக் கலந்தால், சிறிது நேரத்தில் கஞ்சி தளர்ந்து நீர்த்துப்போகும். தண்ணீர் ஒரு சொட்டும் சேர்க்கவில்லை. மாலைகள் அறுந்துவிட்டன, அவ்வளவுதான். கைக்குழந்தைக்கு முளைகட்டிய மாவில் கஞ்சி வைத்த பாட்டிமார்களின் கைப்பக்குவத்துக்கு அடியில் இருப்பது இந்த நொதி.

மூன்றாவது வழி பூஞ்சை. கிழக்கு ஆசியா முழுதும் இந்த வழியில்தான் போனது.

சீனத்து நொதியடை

சீனர்கள் அதை ‘ச்சூ’ என்கிறார்கள். இங்கே ‘நொதியடை’ என்று அழைக்கலாம். கோதுமையை உடைத்து ஈரமாக்கி, அழுத்தி, கட்டிகளாக்கி, மூடிய அறையில் அடுக்கி வைப்பார்கள். சில வாரங்களில் கட்டியின் மேலும் உள்ளும் பூஞ்சை படரும். அந்தப் பூஞ்சையில் மாவுச்சத்தை வெட்டும் நொதி ஏராளம். கூடவே ஈஸ்டும் குடியேறியிருக்கும். சாவியும் திருடனும் ஒரே மூட்டையில் வந்த மாதிரி: ஒன்று பூட்டைத் திறக்கிறது, மற்றது உள்ளே புகுந்து தின்கிறது. காயவைத்துவிட்டால் அடை மாதக்கணக்கில் கெடாது.

இந்தத் தொழில் எவ்வளவு பழையது என்பதற்கு எழுத்துச் சான்று இருக்கிறது. 6ஆம் நூற்றாண்டில் ஜியா சிசியே என்ற அதிகாரி எழுதிய ‘சிமின் யாவோஷு’ என்னும் வேளாண் நூல், வறுத்த கோதுமை, அவித்த கோதுமை, பச்சைக் கோதுமை மூன்றையும் சேர்த்து அடை பிடிக்கும் முறையையும், அறைக் கதவைச் சேறு பூசி அடைப்பதையும் வரிசையாகச் சொல்கிறது. இன்னும் பின்னால் போனால் ஹெனான் மாகாணத்தின் ஜியாஹு. அங்கே கிடைத்த ஏறத்தாழ 9,000 ஆண்டு பழைய பானை ஓடுகளில் அரிசி, தேன், பழம் சேர்ந்து புளித்த பானத்தின் எச்சம் இருப்பதாகப் பாட்ரிக் மெக்கவர்னும் சீன ஆய்வாளர்களும் 2004இல் அறிவித்தார்கள்.

ஷாவோஷிங்கில் பசையரிசியை ஊறவைத்து ஆவியில் வேகவைத்து, கோதுமை அடையும் ஜியான் ஏரித் தண்ணீரும் சேர்த்து, நவம்பர் குளிரில் சாடியில் இடுவார்கள். பிப்ரவரி தொடக்கத்தில் பிழிவார்கள். பிறகு சூடாக்கி, மண்சாடியில் ஊற்றி, தாமரை இலையால் மூடிக் களிமண் பூசி வைப்பார்கள். பெண் குழந்தை பிறந்தால் சில சாடிகளைப் புதைத்துவைத்து அவள் கல்யாணத்தன்று தோண்டியெடுக்கும் வழக்கம் அந்த ஊருக்கு உண்டு.

ஐரோப்பியர் இதன் நுட்பத்தைப் புரிந்துகொண்டது வெகு பின்னால். 1891இல் சைகோனில் பாஸ்டர் நிறுவனத்தின் கிளையைத் தொடங்கிய ஆல்பெர் கால்மெட், அங்கே கடைத்தெருவில் விற்ற ‘சீன ஈஸ்ட்’ உருண்டைகளை ஆராய்ந்தார். அதற்குள் ஈஸ்டோடு ஒரு பூஞ்சையும் இருப்பதையும், மாவுச்சத்தை உடைப்பது அந்தப் பூஞ்சையே என்பதையும் பிரித்துக் காட்டினார். இந்தக் கால்மெட்டின் பெயர் பெரும்பாலான தமிழர்களின் தோள்பட்டையில் இருக்கிறது. காசநோய்க்காகப் பிறந்ததும் போடும் பி.சி.ஜி. ஊசியில் ‘சி’ அவர்தான். கிண்டியில் 1948 முதல் அந்தத் தடுப்பூசியைச் செய்தார்கள்.

ஆற்றுப்படைக்குள் ஒரு செய்முறை

இதெல்லாம் சீனத்துச் சமாச்சாரம், நமக்கென்ன என்று தோன்றலாம். ஆனால் காஞ்சியை ஆண்ட தொண்டைமான் இளந்திரையனைக் கடியலூர் உருத்திரங்கண்ணனார் பாடிய பெரும்பாணாற்றுப்படையில், வலைஞர் குடியிருப்புக்குப் போகும் பாணனுக்கு என்ன கிடைக்கும் என்று சொல்லும் இடம் ஒன்று உண்டு. சில அடிகளில் புலவர் அங்கே ஒரு முழுச் செய்முறையைத் தருகிறார். அரிசியை மதுவாக்கும் செய்முறை. காஞ்சிக்கும் அண்ணாமலைக்கும் இடையே தூரம் அதிகமில்லை; இந்த மண்ணின் அரிசிதான், இந்த மண்ணின் வெயில்தான். அதைப் படிப்படியாகப் பிரித்துப் பார்க்கத் தகும்.

முதலில், நன்றாகக் குற்றித் தீட்டாத அரிசியைக் களியாகத் துழாவிச் சமைக்கிறார்கள். சமைக்காத அரிசிக்குள் மாவுச்சத்து இறுகிய துகள்களாக அடுக்கப்பட்டிருக்கும். கத்தரி நுழைய இடமில்லை. தண்ணீரோடு ஏறத்தாழ 70 பாகை செல்சியசைத் தாண்டும்போது துகள் உப்பி வெடித்து மாலைகள் அவிழும். தீட்டாத அரிசியில் தவிடு ஒட்டியிருப்பதால், அதிலுள்ள சத்துகள் நுண்ணுயிர்களுக்குத் தீனியாகின்றன.

அடுத்து, அந்தக் களியை வாயகன்ற பிழாவில் பரப்பி ஆற்றுகிறார்கள். பிழா என்பது தட்டையான அகன்ற பாத்திரம். இந்தப் படியில்தான் அனுபவம் பேசுகிறது. சூடு ஆறாமல் அடுத்த பொருளைச் சேர்த்தால் நொதி கெட்டுப்போகும், ஈஸ்ட் செத்துப்போகும். குறுகிய வாய்ப் பானையில் களி ஆற மணிக்கணக்காகும். அதற்குள் வேண்டாத நுண்ணுயிர்கள் இடம் பிடித்துவிடும். பரப்பினால் சீக்கிரம் ஆறும், மேற்பரப்பும் உலரும்.

பிறகு ‘நல்லடை’ என்ற ஒன்றைக் கலக்கிறார்கள். செய்முறையின் உயிர்நாடி இதுதான். இதற்குத் தனியாக வருவோம்.

கலந்ததை உறுதியான வாயுடைய சாடியில் இட்டு, இரண்டு பகலும் இரண்டு இரவும் விடுகிறார்கள். மூடிய சாடிக்குள் காற்று தீர்ந்ததும் ஈஸ்ட் வேறு வழியில்லாமல் சர்க்கரையைச் சாராயமாக்கும். இங்கே ஒரு அழகு உண்டு. பூட்டைத் திறப்பதும் உள்ளதைத் தின்பதும் ஒரே சாடியில் ஒரே நேரத்தில் நடக்கின்றன. சர்க்கரை ஒரேயடியாகக் குவிந்தால் ஈஸ்டுக்கு மூச்சு முட்டும். நொதி கொஞ்சம் கொஞ்சமாக வெட்டிப் போட, அது கொஞ்சம் கொஞ்சமாகத் தின்று தீர்க்கிறது. அரிசி மதுக்கள் பியரைவிட மும்மடங்கு வரை வீரியம் ஏற முடிவதற்கு இதுவே காரணம்.

கணக்காகவும் பார்க்கலாம். ஒரு கிலோ அரிசியில் ஏறக்குறைய 780 கிராம் மாவுச்சத்து. அது முழுதும் அறுபட்டால், வெட்டும்போது தண்ணீரும் சேர்வதால், சர்க்கரை 860 கிராம் வரை கிடைக்கும். ஈஸ்ட் அதைத் தின்றால் பாதிக்குச் சற்று அதிகமாக, 440 கிராம் அளவுக்குச் சாராயச் சத்து. மீதி கரியமில வாயுவாகக் குமிழியிட்டுப் போய்விடும். இது உச்ச வரம்பு. இரண்டே நாளில் யாரும் அதை எட்ட முடியாது. ஷாவோஷிங்கின் குளிரில் மூன்று மாதம் மெல்ல நடப்பது, தொண்டை நாட்டு வெப்பத்தில் இரண்டு நாளில் விறுவிறுவென்று நடக்கும். வீரியம் குறைவாக, இளமதுவாகவே இருந்திருக்கும். கடைசியாக விரலால் அலைத்துப் பிழிந்து வடிகட்டுகிறார்கள். தொட்டுக்கொள்ளச் சுட்ட மீன்.

புற்றுக்குள் இருக்கும் சோறு

நல்லடை பார்க்க எப்படியிருக்கும் என்று சொல்லப் புலவர் ஒரு உவமையைத் தேடினார். பாம்பு வாழும் புற்றிலுள்ள குரும்பி போல என்றார்.

புற்றை வெட்டியவர்களுக்குக் குரும்பியைத் தெரியும். உள்ளே அறை அறையாக, பஞ்சுபோல, தேனடைபோலத் துளைகள் நிறைந்த பழுப்பு நிறக் கட்டி. அதன்மேல் வெள்ளை வெள்ளையாகக் குருணை. புற்றாஞ்சோறு என்றும் சொல்வார்கள். கையில் எடுத்தால் கனமே இருக்காது, அழுத்தினால் உதிரும். அது கறையான்களின் வயல். அவை அரித்துக்கொண்டு வரும் மரத்தூளையும் சருகையும் தாமாக முழுதும் செரிக்க முடியாது. கட்டியாகப் பிடித்து, அதன்மேல் ஒரு பூஞ்சையை வளர்க்கின்றன. பூஞ்சை தன் நொதியால் மரத்தை உடைத்துத் தர, கறையான்கள் அதைத் தின்கின்றன. மழைக்குப் பின் புற்றின்மேல் குடை விரிக்கும் புற்றுக்காளான் அதே பூஞ்சையின் பூ.

ஆக, பூட்டிய உணவைத் திறக்கப் பூஞ்சை படர்ந்த அடையை வைத்துக்கொள்ளும் ஓர் உயிரின் படைப்பை, பூட்டிய அரிசியைத் திறக்க மனிதர் வைத்த அடைக்கு உவமையாக்கியிருக்கிறார் புலவர். அவர் கண்ட ஒற்றுமை தோற்றத்தில். அந்த ஒற்றுமை வேலையிலும் இருந்தது என்றால் நல்லடை ஒரு பூஞ்சையடை. சீனத்து ச்சூவின் உறவு.

பழைய உரைகாரர் நச்சினார்க்கினியர் வேறு விதமாகச் சொல்கிறார். அவர் கணக்கில் அது முளையை இடித்த அடை. அப்படியானால் இது இரண்டாவது வழி, பார்லி பியரின் வழி. இதற்கும் இடமிருக்கிறது. ஈரத்தில் நெருக்கிக் கட்டிய தானியம் முளைவிட்டால் வேர்கள் பின்னிப் பிணைந்து துளை துளையான மெத்தையாகும். அதுவும் குரும்பி போலவே இருக்கும். இதை எழுதுகிறவருக்குத் தோன்றுவது, இரண்டையும் ஒன்றுக்கொன்று எதிராக நிறுத்த வேண்டியதில்லை என்பது. இந்த வெப்பத்தில் ஈரமுளையை ஓரிரு நாள் மூடி வைத்தால் பூசணம் பூக்காமல் இருப்பதுதான் அபூர்வம். முளையின் நொதியும் பூஞ்சையின் நொதியும் ஒரே அடையில் சேர்ந்திருக்கலாம்.

இந்தியாவின் மற்ற பகுதிகளில் இந்த அறிவு இன்றும் உயிரோடு இருக்கிறது. ஜார்க்கண்டில் ‘ரானு’ என்னும் உருண்டையைச் சோற்றில் பிசைந்து ‘ஹண்டியா’ செய்கிறார்கள். அசாமின் திமாசா மக்கள் பசையரிசியில் செய்யும் ‘ஜுதிமா’வுக்கு 2021இல் புவிசார் குறியீடு கிடைத்தது. அர்த்தசாஸ்திரம் ‘கிண்வம்’ என்ற நொதிப்பொருளுக்கு உளுந்து மாவு, அரிசி, மூலிகை என்று கூறு சொல்கிறது; உளுந்தும் அரிசியும் என்றதும் நம் நினைவு இட்லிப் பானைக்குத்தான் போகும்.

சரி, பழைய சோறு?

அடி அண்ணாமலையின் பானைக்குத் திரும்பலாம். அதில் அடை போடவில்லை, முளை போடவில்லை. வெந்தபோதே அரிசியின் சொந்த நொதிகளும் செத்துவிட்டன. மாலைகள் பெரும்பாலும் அப்படியே கிடக்கின்றன. கரைந்திருக்கும் கொஞ்சநஞ்சச் சர்க்கரையை யார் முதலில் பிடிக்கிறார்கள் என்பதுதான் போட்டி.

அதில் ஜெயிப்பது ஈஸ்ட் அல்ல, லாக்டிக் அமில பாக்டீரியா. தயிரை உறையவைக்கும் கூட்டத்தின் உறவினர். பானையின் நுண்துளைகளிலும் கையிலும் காற்றிலும் அவை உண்டு; முப்பது பாகை வெப்பத்தில் ஈஸ்டைவிட மிக வேகமாகப் பெருகும். சர்க்கரையைப் புளிப்பாக்கும். புளிப்பு ஏற ஏற, சோற்றைக் கெடுக்கும் பல நுண்ணுயிர்களுக்கு அந்த இடம் ஆகாமல் போகிறது. எட்டுப் பத்து மணி நேரத்தில், உண்ணத் தக்க பக்குவத்தில், நாம் மூடியைத் திறந்துவிடுகிறோம். சாராயம் உண்டாகப் போதிய சர்க்கரையும் இல்லை, நேரமும் இல்லை. இன்னும் இரண்டு நாள் விட்டாலும் அது மதுவாகாது, கெட்டுத்தான் போகும். கதவைத் திறக்க ஆள் இல்லாத வீட்டில் எத்தனை நாள் காத்திருந்தாலும் அப்படித்தான்.

மீனும் மதுவும் புளியும்

சீனச் சமையல்காரர் மீனைச் சட்டியில் போட்டதும் விளிம்பைச் சுற்றி அரிசி மதுவை ஊற்றுவார். புஸ்ஸென்று ஆவி எழும். சாராயச் சத்து வாசனை மூலக்கூறுகளைக் கரைத்துக்கொண்டு வேகமாக ஆவியாகும். கவிச்சியில் ஒரு பங்கு அதோடு போகும். மதுவிலுள்ள அமிலங்கள் மீதியைக் கவனிக்கும். கடல்மீனின் கவிச்சிக்கு முக்கியக் காரணமான பொருள் காரத்தன்மை உடையது. அமிலம் அதைப் பிடித்துக் கட்டிவிட்டால் காற்றில் எழும்பாது, மூக்குக்கு எட்டாது. அரிசியின் புரதம் உடைந்த அமினோ அமிலங்கள் குழம்புக்குச் சாறு போன்ற ருசியைத் தரும். கோழியை வேகவைத்து இதே மதுவில் ஊறவிடுவதும், பன்றி இறைச்சியை இதில் மணிக்கணக்கில் வேகவிடுவதும் அந்த ருசிக்காகத்தான்.

திருவண்ணாமலைக்குக் கடல் தூரம். ஏரி மீனில் கவிச்சியைவிடச் சேற்று வாடைதான் தொல்லை. அந்த வாடையைத் தரும் பொருளுக்கு ஜியோஸ்மின் என்று பெயர். ஏரியிலும் மண்ணிலும் வாழும் நுண்ணுயிர்கள் உண்டாக்குவது. முதல் மழை விழுந்ததும் எழும் மண்வாசனையில் இருப்பதும் அதுவே. அங்கே மனதை நிறைப்பது குழம்பில் வந்தால் முகம் சுளிக்க வைக்கிறது. அமிலம் பட்டால் ஜியோஸ்மின் உடையும். விரால் குழம்புக்குப் புளியைக் கெட்டியாகக் கரைத்து ஊற்றுவதும், மீனைக் கல்லுப்பும் புளித்த மோரும் போட்டு உரசிக் கழுவுவதும் அந்த வேலையைச் செய்கின்றன.

வலைஞர் வீட்டில் பாணன் குடித்தது அரிசியின் ஒரு வடிவம், கடித்தது சுட்ட மீன். அந்த மது இந்தப் பக்கத்து அடுப்படியில் இன்று இல்லை. ஆனால் முந்தின நாள் வைத்த மீன் குழம்பு மண்சட்டியில் வற்றிச் சுண்டிக் கிடக்க, அதைச் சுரண்டிப் பழைய சோற்றோடு வைத்துச் சாப்பிடும் வீடுகள் அடி அண்ணாமலையில் உண்டு. ஒரு புளிப்பு ராத்திரி பானையில் விளைந்தது, இன்னொரு புளிப்பு மரத்திலிருந்து வந்தது. தட்டில் மீன் துண்டு மட்டும் இருக்கும், அதன் வாடை இருக்காது.